புளியங்கொட்டைகளை நடக்கவைக்கும் காணொளி: படம் துள்ளுகிறது, வெளிச்சம் மாறுகிறது

பல்லாங்குழி:
வணக்கம். எனக்கு எட்டு வயதில் ஒரு மகளும் ஐந்து வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். பல்லாங்குழிக்காகச் சேர்த்துவைத்திருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு முறையும் சிறிது நகர்த்திக் கைபேசியில் புகைப்படம் எடுத்து, எல்லாவற்றையும் கோத்து, கொட்டைகள் எறும்புகளைப் போல ஊர்ந்து சென்று குழிக்குள் இறங்குவதாக ஒரு காணொளி செய்தோம். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து எடுத்த நாற்பது படங்களும் நான்கே நொடியில் ஓடி முடிந்துவிட்டன. காட்சி முழுவதும் துள்ளுகிறது. தரை ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்த படத்தில் வெளிறியும் தெரிகிறது. மூன்று இடங்களில் மகனின் விரல்கள் விழுந்திருக்கின்றன. "கொட்டை நடக்கவே இல்லையே அம்மா, குதிக்கத்தானே செய்கிறது" என்று மகள் முகம் வாடிப்போனாள். எங்கே தவறினோம் என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அசைபடப் பிரியன்:
சகோதரிக்கு வணக்கம். நாற்பது படங்கள் நான்கு நொடி ஓடியதென்றால், நொடிக்கு 10 படங்கள் என்ற கணக்கில் கோத்திருக்கிறீர்கள்; வீட்டு முயற்சிக்கு அது சரியான வேகமே. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடினாலும், பொம்மைகளை அசைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே நிலையை இரண்டு படங்களுக்கு வைத்து, 12 அசைவுகளிலேயே ஒரு நொடியை நிரப்பிவிடுகிறார்கள்.

கொட்டை குதிப்பதற்குக் காரணம் நகர்த்தும் தொலைவு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால், பள்ளி அளவுகோலின் 30 சென்டிமீட்டரை அது மூன்றே நொடியில் கடந்துவிடும். புறப்படும்போது ஒரு நெல்மணியின் அகலமே நகர்த்தி, நடுவில் தொலைவைக் கூட்டி, குழியின் விளிம்பை நெருங்கும்போது மறுபடியும் குறைத்துப் பாருங்கள். கொட்டைக்கு எடை வந்துவிடும், தயங்கி எட்டிப்பார்த்து இறங்குவது போலவே தோன்றும்.

நிறம் மாறுவதற்குக் காரணம், கைபேசி ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைத் தானே புதிதாக அளந்துகொள்வதுதான். பெரும்பாலான கைபேசிகளில் திரையில் ஓரிடத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். சன்னலை மூடி, ஒரே விளக்கின் கீழ் எடுங்கள். மேகம் கடந்தாலும் படத்தில் தெரியும். கைபேசியை இரண்டு சம்படங்களுக்கு இடையே செருகி, நாடா ஒட்டி அசையாமல் நிறுத்திவிட்டு, கம்பியுள்ள இயர்போனின் ஒலி பொத்தானால் படம் எடுத்தால் துள்ளலும் நின்றுவிடும். ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலியில் முந்தைய படம் மங்கலாக மேலே தெரியும் என்பதால், எவ்வளவு நகர்த்தினோம் என்பதைக் குழந்தையே பார்த்துக்கொள்ள முடியும். விரல் விழுந்த படங்களை நீக்கிவிடுங்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியை:
மேலே சொல்லப்பட்டவை எல்லாம் சரி. விரல்களை நீக்கச் சொன்னதில் மட்டும் நான் மாறுபடுகிறேன். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு படத்தை நான் அழித்தபோது, அந்த விரலுக்கு உரிய சிறுவன் அதன் பிறகு அன்று கொட்டையைத் தொடவே இல்லை. அடுத்த முறை விரலையே கதைக்குள் கொண்டுவந்தோம்: வானத்திலிருந்து ஒரு பூதம் இறங்கி எறும்புகளை வழிமறிக்கிறது. தவறிலிருந்து தந்திரம் பிறப்பது இந்தக் கலைக்குப் புதிதல்ல. 1896-இல் பாரிஸ் வீதியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது கருவி சிக்கி நின்று மீண்டும் ஓடியதாகவும், திரையிட்டபோது ஒரு பேருந்து வண்டி சவ வண்டியாக மாறித் தெரிந்ததாகவும் பிரெஞ்சுத் திரைப்பட முன்னோடி ஜார்ஜ் மெலியே பிற்காலத்தில் கூறினார். நிறுத்தி, மாற்றி, மீண்டும் எடுக்கும் அந்த முறையைக் கொண்டே அவர் ஆட்களை மறையவைத்தார்.

ஐந்து வயதுப் பிள்ளையால் நெடுநேரம் உட்கார இயலாது. அவனையே பொம்மையாக்கிவிடுங்கள். அவன் குதிக்கும் ஒவ்வொரு முறையும், கால் தரையில் படாத உச்சியில் மட்டும் படமெடுத்து, முன்னால் ஓரடி வந்து குதிக்கச் சொல்லுங்கள்; கோத்துப் பார்த்தால் பறப்பான். இருபது குதிகள் இரண்டு நொடிப் பறப்பாகும். இடையில் தண்ணீர் குடிக்க விடுங்கள்.

ஒலிக்காரன்:
ஓசைக்கு இணையத்தில் தேட வேண்டாம். படம் ஓடும்போது பிள்ளைகளே வாயால் ஒலி எழுப்பட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள்; கொட்டை குழியில் விழும் ஓசைக்குப் பல்லாங்குழியே போதும்.

பல்லாங்குழி:
அனைவருக்கும் நன்றி. நேற்று மீண்டும் எடுத்தோம். தொண்ணூறு படங்கள், ஒன்பது நொடி. விளிம்பில் நிற்கும் கடைசிக் கொட்டைக்கு மட்டும் மகள் பதினொரு படங்கள் செலவிட்டாள். அது முன்னே சாய்ந்து, பின்வாங்கி, பிறகு விழுகிறது. பூதமாக வந்த தம்பியின் விரலை அவளே வைத்துக்கொண்டாள், "பூதம் நகம் வெட்டியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். ஆசிரியை சொன்ன பறக்கும் காட்சிக்காக நாளை மாலை மொட்டைமாடிக்குச் செல்கிறோம்.