ரெட்டிகுலாட்டா ஐரிஸ்: முதல் வருஷம் பன்னிரண்டு பூ, இந்த வருஷம் வெறும் புல். எங்கே தப்பு?

வாசல்தொட்டி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஐரிஸ் ரெட்டிகுலாட்டா கிழங்கு பன்னிரண்டு வாங்கி, அக்டோபரில் ஓர் அகலத் தொட்டியில் நட்டேன். கலப்பினம் இல்லை, காட்டு வகை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குளிர்காலத்தில் உறைபனி விழும் இடம் என்பதால் குளிர் போதாமல் போயிருக்க வாய்ப்பில்லை.

முதல் வருஷம் பிப்ரவரி கடைசியில் பன்னிரண்டும் பூத்தன. தொட்டி ஓரத்தில் பனி இன்னும் கிடக்க, விரல் நீளத்தில் கரு ஊதாப் பூ, தொங்கும் இதழின் நடுவில் மஞ்சள் தீற்றல். தரையில் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன், வாசனை கூட இருந்தது.

இந்த வருஷம் மார்ச் பாதி தாண்டிவிட்டது, ஒரு மொட்டு கூட இல்லை. நூல் மாதிரி இலைகள் நாற்பது ஐம்பது நிற்கின்றன, அவ்வளவுதான். புல்லோ என்று சந்தேகப்பட்டு ஒன்றைப் பிடுங்கினேன். அடியில் அரிசி பருமனில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் செய்தவை: பூ முடிந்த பிறகு இலை ஒரு முழம் வளர்ந்து சரிந்து பார்க்கச் சகிக்கவில்லை, ஏப்ரல் நடுவில் வெட்டிவிட்டேன். தொட்டி காலியாகக் கிடக்கிறதே என்று கோடைக்கு மேலே பெட்டூனியா நட்டேன், தினமும் தண்ணீர் ஊற்றினேன். உரம் போடவில்லை. கிழங்கு நட்ட ஆழம் நாலு விரல் இருக்கும்.

கிழங்கு செத்துவிட்டதா? தூக்கிப் போட்டுவிடலாமா?

பூச்சட்டி

ஐரிஸ் கிழங்கை மண்ணுக்குள் புதைக்கவே கூடாது. அதன் முதுகில் வெயில் பட்டால்தான் பூக்கும். தோண்டி எடுத்து, பாதி வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். என்னிடம் பத்து வருஷமாக இருக்கிறது, இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மலைக்கிழங்கு

பூச்சட்டி ஐயா சொல்வது தாடி ஐரிஸுக்கு நூற்றுக்கு நூறு சரி. அதன் கிழங்கு இஞ்சி மாதிரி படுத்துக் கிடக்கும், முதுகு வெயிலில் காய வேண்டும். இது அந்த ஜாதி இல்லை. ரெட்டிகுலாட்டா சின்ன வெங்காயம் மாதிரி உருண்டைக் கிழங்கு, மேலே சணல் வலை போர்த்தியது போல ஒரு தோல். அந்த வலையால்தான் பேரே. ரெட்டிகுலம் என்றால் லத்தீனில் சின்ன வலை. இதை மண்ணுக்கு மேல் வைத்தால் காய்ந்து சருகாகிவிடும். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள்.

வாசல்தொட்டி அக்கா, இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். முதலில், ஓர் இலையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். தட்டையாக இருந்தால் புல். நாலு பட்டையாக, சதுரக் குச்சி மாதிரி நெருடினால் உங்கள் ஐரிஸ்தான். அடுத்து, ஒவ்வொரு முளையிலும் இலை ஒன்றா இரண்டா என்று எண்ணுங்கள். பூக்கும் வயசு வந்த கிழங்கு பெரும்பாலும் இரண்டு இலை விடும். ஒற்றை இலை என்றால் அது குழந்தை.

முடிந்தால் ஓரத்தில் ஒரு கைப்பிடி மட்டும் தோண்டிப் பார்த்து, கிழங்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் கிளற வேண்டாம், இலை பச்சையாக இருக்கும் நேரம் இது.

பூச்சட்டி

அடடா, வெங்காய ஐரிஸா? நான் வைத்திருப்பது இஞ்சி ஐரிஸ்தான். அக்கா, நான் சொன்னதை மறந்துவிடுங்கள்.

வாசல்தொட்டி

உருட்டிப் பார்த்தேன். நாலு பட்டைதான்! நுனி கூட ஊசி மாதிரி கெட்டியாக இருக்கிறது.

எண்ணியதில் ஏறக்குறைய எல்லாமே ஒற்றை இலை. இரட்டை இலை மூன்றே மூன்று.

ஓரத்தில் தோண்டியதில், நான் நட்ட பெரிய கிழங்கைக் காணோம். பழைய வலைத்தோல் மட்டும் காலிப் பை மாதிரி கிடந்தது, அதைச் சுற்றிக் கொத்தாகச் சின்னச் சின்னக் குட்டிகள். சில உளுந்து அளவு, சில அரிசி அளவு. இன்னொன்று: இரண்டு கிழங்கின் மேல் பேனா மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டு. அதில் ஒன்றை அழுத்தினால் உள்ளே பொக்கு, கறுப்புப் பொடி கொட்டியது.

மலைக்கிழங்கு

சரி, இப்போது கதை தெளிவாகிவிட்டது. உங்கள் கிழங்கு சாகவில்லை, சிதறிவிட்டது. கறுப்புத் திட்டு தனி விவகாரம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் செடியின் பிறந்த வீடு கிழக்குத் துருக்கி, காகசஸ், வட ஈராக், ஈரான் பக்கத்து மலைகள். 1808இல் இதற்கு இந்தப் பேரை வைத்தவர் பீபர்ஸ்டைன் என்ற தாவரவியலாளர், காகசஸ் பக்கத்துச் செடிகளைப் பற்றி எழுதிய நூலில். அங்கே குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் தூக்கம். பனி உருகும்போது தண்ணீர், பூ, இலை எல்லாம் அவசர அவசரமாக நடக்கும். அப்புறம் கோடை வந்தால் மழையே கிடையாது. சரளை மண் சுட்டுக் காயும். கிழங்கு அந்தச் சூட்டில்தான் அடுத்த வருஷப் பூவை உள்ளுக்குள் உருவாக்கிக்கொள்ளும்.

இந்தக் கணக்கில் நீங்கள் இரண்டு இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

ஒன்று இலை. ஒவ்வொரு வருஷமும் பழைய கிழங்கு தன்னையே தின்று தீர்த்துவிட்டு, பக்கத்தில் புதுக்கிழங்கு வைத்துவிட்டுப் போகும். அந்தப் புதுக்கிழங்கைப் பருக்க வைப்பது பூவுக்குப் பின்னால் வருகிற, பார்க்கச் சகிக்காத அந்த ஒரு முழ இலைதான். அது தானாக மஞ்சளாகிப் படுக்கும் வரை தொடக்கூடாது. முடிச்சுப் போடுவது, பின்னுவது எதுவும் வேண்டாம். ஏப்ரலில் வெட்டியதோடு சாப்பாட்டுக்கடை மூடிவிட்டது.

இரண்டு பெட்டூனியா. அதற்குத் தினமும் தண்ணீர் வேண்டும், இதற்குக் கோடையில் சொட்டுக்கூட வேண்டாம். ஈரமாகவும் குளுமையாகவும் கிடந்த கிழங்கு அழுகும், அழுகாமல் தப்பினாலும் அடுத்த வருஷப் பூ வைக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்த இனத்துக்கு உடையும் குணம் உண்டு. முதல் வருஷப் பூ நீங்கள் வளர்த்ததில்லை, கிழங்கை விளைவித்தவர் வளர்த்தது. உங்கள் கை பேசுவது இரண்டாம் வருஷத்தில்தான். அதனால்தான் பலர் இதை வருஷா வருஷம் புதிதாக வாங்கி நட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஐம்பது குட்டி கையில் இருக்கும்போது தூக்கிப் போட எனக்கு மனசு வராது.

குட்டிகளுக்கு என்ன செய்வது:

இப்போது இலை பச்சையாக இருக்கிறது. மண் காயாமல் தண்ணீர் கொடுங்கள். பொட்டாஷ் அதிகமும் நைட்ரஜன் குறைவுமான திரவ உரம், தக்காளிச் செடிக்குப் போடுவார்களே அது, பாதி அளவு கரைத்து வாரம் ஒருமுறை. இலை மஞ்சளாகத் தொடங்கியதும் உரமும் நிறுத்தம், தண்ணீரும் நிறுத்தம். தொட்டியை மழை படாத, நல்ல வெயில் விழும் இடத்துக்கு நகர்த்திவிட்டு மறந்துவிடுங்கள். இலையுதிர் காலத்தில் கொட்டிச் சலித்து, பாதி மண் பாதிச் சரளை என்று கலந்து, உளுந்து அளவுக் குட்டிகளை ஐந்தாறு செ.மீ. ஆழத்திலும் பெரியவற்றைப் பத்து முதல் பதினைந்து செ.மீ. ஆழத்திலும் நடுங்கள். கொஞ்சம் ஆழமாக வைத்தால் உடைவது குறைகிறது என்பது என் அனுபவம். இரண்டு மூன்று வருஷத்தில் பூ வரும். பொறுமை இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

கறுப்புத் திட்டு: பேனா மை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், நோயின் பேரும் அதுதான், மை நோய். ஒரு பூஞ்சை. இந்த வகை ஐரிஸ்களை விரும்பித் தாக்கும். பொக்கான கிழங்கை மட்டுமல்ல, திட்டு இருக்கிற எதையும் எடுத்துக் குப்பையில் போடுங்கள். மக்குக்குழியில் போடாதீர்கள். அந்தத் தொட்டி மண்ணை இனி எந்தக் கிழங்குச் செடிக்கும் தொடவேண்டாம். தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சுத்தமானவற்றைப் புது மண்ணில் வையுங்கள். மற்றவற்றில் இலை சீக்கிரமே மஞ்சளாகிக் கறுப்புக் கீற்று விழுகிறதா என்று கவனியுங்கள். விழுந்தால் அதுவும் போக வேண்டியதுதான்.

கத்திரிவெயில்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இருப்பது சமவெளி, குளிர்காலம் என்பதே காலண்டரில் மட்டும்தான். இந்தப் பூவைப் பார்த்ததிலிருந்து ஆசை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏமாற்ற முடியாதா?

மலைக்கிழங்கு

ஒரு தடவைக்கு ஏமாற்றலாம். நட்ட தொட்டியையே 4 முதல் 9 டிகிரிக்குள் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டும், மண் லேசாக ஈரமாக. உள்ளே ஆப்பிள் மாதிரிப் பழம் எதுவும் இருக்கக்கூடாது. பழுக்கிற பழம் விடும் எத்திலீன் வாயு, கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். முளை வந்ததும் வெளியே எடுத்து, வீட்டிலேயே குளிர்ந்த வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வெக்கையில் வைத்தால் பூ இரண்டு நாளில் முடிந்துவிடும். அடுத்த வருஷத்துக்கு அது ஆகாது. அந்தப் பூவுக்காக மூன்று மாதம் ஒரு தட்டைக் காலி பண்ணி வைக்க வீட்டில் சம்மதிப்பார்களா என்பது உங்கள் பாடு.

கத்திரிவெயில்

சம்மதிக்க மாட்டார்கள். நன்றி.

மஞ்சள்பைத்தியம்

உடைவதில் ரெட்டிகுலாட்டா எவ்வளவோ தேவலை. அதன் மஞ்சள் உறவு ஐரிஸ் டான்ஃபோர்டியே வாங்கிப் பாருங்கள். முதல் வருஷம் குட்டிச் சூரியன் மாதிரி பூக்கும், அடுத்த வருஷம் தொட்டி முழுக்க அரிசி. எனக்குப் பதினைந்து செ.மீ.க்கும் கீழே புதைத்த பிறகுதான் ஒன்றிரண்டு திரும்பப் பூத்தன.

வாசல்தொட்டி அக்கா, கோடையில் முழுசாகக் காயவைப்பது உங்களுக்குக் கஷ்டம் என்றால், கேத்தரின் ஹாட்ஜ்கின் என்ற கலப்பினம் தேடுங்கள். இ.பி. ஆண்டர்சன் என்பவர் உருவாக்கியது. ஐரிஸ் ஹிஸ்ட்ரியாய்டிஸ் ஒரு பக்கம், காகசஸில் வளரும் ஐரிஸ் வினோகிராடோவி இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது ஆள் கோடையில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்வார், அந்தக் குணம் பிள்ளைக்கும் வந்திருக்கிறது. வெளிர்நீலத்தில் மஞ்சள், அதன் மேல் கருநீல நரம்பு. சிலருக்கு நோயாளி நிறம் மாதிரித் தெரியும், எனக்கு ரொம்பப் பிடிக்கும். வருஷா வருஷம் திரும்பி வருகிறது.

வாசல்தொட்டி

எல்லோருக்கும் நன்றி. இலை வெட்டியது நான்தான், பெட்டூனியா நட்டதும் நான்தான். வீட்டில் அணில்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

ஒரே ஒரு சந்தேகம். முதல் வருஷம் பூ போன சில வாரத்தில், காம்பு எதுவும் இல்லாமல் மண்ணை ஒட்டியே பச்சையாக, முட்டை வடிவத்தில் ஒன்று தலை நீட்டியது. ஏதோ பூச்சிக்கூடு என்று கிள்ளி எறிந்தேன். அது மை நோயோடு சம்பந்தப்பட்டதா?

மலைக்கிழங்கு

ஐயோ, அக்கா! அது விதைக்காய்.

இந்த ஐரிஸில் காம்பு என்று நாம் நினைப்பது காம்பே இல்லை, பூவின் குழல். சூலகம் மண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பூ காய்ந்து உதிர்ந்த பிறகு காய் மட்டும் மெதுவாக மேலே எட்டிப் பார்க்கும். நீங்கள் எறிந்ததில் விதை இருந்திருக்கும். விதையிலிருந்து பூ வரப் பல வருஷம் ஆகும் என்பதால் பெரிய நஷ்டமில்லை என்று தேற்றிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பழுப்பாகி வாய் பிளக்கும் வரை விட்டுவையுங்கள். வீட்டில் நாய், பூனை, சின்னப் பிள்ளைகள் இருந்தால் காயும் கிழங்கும் அவர்கள் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐரிஸ் வயிற்றைக் கலக்கிவிடும்.

வாசல்தொட்டி (பதினோரு மாதம் கழித்து)

பழைய இழையைக் கிளப்புகிறேன், மன்னிக்கவும்.

மொத்தம் ஒன்பது கிழங்கு மை நோயில் போனது. மீதியை உரம் கொடுத்து, ஜூனிலிருந்து கூரைக்கு அடியில் காயவிட்டு, அக்டோபரில் சலித்து எடுத்தேன். முப்பத்தாறு குட்டி தேறியது. அரிசிகள் உளுந்தாகியிருந்தன, உளுந்துகள் கொண்டைக்கடலையாகியிருந்தன. மூன்று மட்டும் சின்ன வெங்காயம்.

இன்று காலை பார்த்தேன். முப்பத்தி மூன்றும் ஒற்றை இலை, எதிர்பார்த்ததுதான். மூன்று வெங்காயத்தில் இரண்டு மொட்டு வைத்திருக்கிறது. ஒன்று இன்று மதியமே விரிந்துவிட்டது. கேத்தரின் ஹாட்ஜ்கினும் ஐந்து வாங்கி வேறு தொட்டியில் வைத்தேன், அது இன்னும் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறது.

காய் வந்தால் கிள்ள மாட்டேன்.

பூச்சட்டி

வாழ்த்துகள் அக்கா. அந்த மூன்றையாவது மண்ணுக்கு வெளியே வைத்துப் பார்க்கலாமா?

மலைக்கிழங்கு

பூச்சட்டி ஐயா, தள்ளி நில்லுங்கள்.