கேஸ் ஃபீடர்: மோட்டார் உறுமுகிறது, தட்டு சுற்ற மறுக்கிறது

கராஜ்வாசி (மிச்சிகன்):

வணக்கம். தோட்டா ரீலோட் செய்பவர்கள் (சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் நிரப்பித் திரும்பப் பயன்படுத்துபவர்கள்) இங்கே ஓரிருவர் இருப்பது பழைய இழைகளில் தெரிந்தது. அந்த நம்பிக்கையில் கேட்கிறேன். மோட்டார், கியர் தெரிந்தவர்களும் சொல்லலாம். என் சந்தேகம் பாதி அந்தப் பக்கம்தான்.

டெட்ராய்ட் புறநகரில் வீடு. கராஜில் ஐந்து நிலை புரோகிரசிவ் பிரஸ் (கைப்பிடியை இழுக்க இழுக்க ஒவ்வொரு நிலையிலும் ஒரு வேலை முடியும் ரீலோட் இயந்திரம்), அதன் தலையில் கூடுகளை ஊட்டும், மோட்டார் வைத்த கேஸ் ஃபீடர். போட்டிச் சுடுதலுக்காக 9 எம்எம் தோட்டா மட்டும் போடுகிறேன். ஃபீடர் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: மேலே ஒரு வாளி, அதற்குள் சாய்வாக ஒரு வட்டத் தட்டு, தட்டின் ஓரத்தில் வெட்டுகள். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை அள்ளிக் கொட்டினால், தட்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கூடு ஏறி உட்கார்ந்து மேலே போகும். அடிப்பாகம் கனமாக இருப்பதால் அடி கீழே, வாய் மேலே என்ற வாக்கில் குழாய்க்குள் விழும். குழாயின் தலைப்பில் ஒரு மைக்ரோ சுவிட்ச். குழாய் நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும், கூடுகள் இறங்கியதும் மறுபடி ஓடவிடும்.

இப்போது குளிர் தொடங்கியதிலிருந்து ஒரு தொல்லை. குழாய் காலியாகும், சுவிட்ச் 'டிக்' என்கிறது, மோட்டார் உறுமுகிறது, தட்டு மட்டும் அசைவதில்லை. விரலால் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் கிளம்பிவிடும், குழாய் நிரம்பும் வரை நன்றாக ஓடும். அடுத்த முறை திரும்பவும் அதே கதை. ஒரு கையில் பிரஸ் கைப்பிடி, இன்னொரு கை வாளிக்குள் என்றால் எதற்கு இந்த ஃபீடர்?

ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரம் ஆனால் கொஞ்சம் பரவாயில்லை. ஹீட்டர் போட்ட புதிதில்தான் மிக மோசம், அது ஏன் என்று புரியவில்லை. விற்ற கடையில் புது மோட்டார் வாங்கச் சொல்கிறார்கள். ஒரு வீடியோவில் கிளட்ச் நட்டை இறுக்கினால் சரியாகும் என்றார்கள். வாங்குவதா, இறுக்குவதா?

பித்தளைப் பைத்தியம் (டெக்சஸ்):

முதலில் வாளியைக் கவிழ்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரேஞ்சில் (சுடும் மைதானத்தில்) பொறுக்கிய கூடுகள் என்றால் அதில் எல்லா சாதியும் கலந்திருக்கும். .40 என்ற பெரிய அளவுக் கூட்டுக்குள் 9 எம்எம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். டம்ளரில் (கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் மெஷின்) போட்டு உருட்டினாலும் பிரியாது. .40 விளிம்பின் விட்டம் 10.77 மி.மீ., உங்களுடையது 9.96. 9 எம்எம் தட்டின் வெட்டில் அது ஆப்பு மாதிரி சிக்கி, தட்டை அப்படியே நிறுத்திவிடும். 9 எம்எம்முக்குள் .22 கூடு ஒளிந்திருப்பதும் உண்டு. சற்றே குட்டையான .380 அளவுக் கூடுதான் பெரிய திருடன். நீளம் 17.3 மி.மீ., உங்கள் கூடு 19.15. ஃபீடரில் சத்தமில்லாமல் கடந்துபோய் கீழே பிரஸ்ஸில் தகராறு பண்ணும்.

கிளட்சைத் தொடாதீர்கள். ஆப்பு விழும்போது நழுவிக்கொடுப்பதற்காகவே அது இருக்கிறது. அதை இறுக்கிவிட்டால் அடுத்த முறை உடைவது தட்டா கியரா என்பதுதான் கேள்வி.

வாளியையும் வழிய வழிய நிரப்பாதீர்கள். பாதிக்கு மேல் போனால் தட்டு அத்தனை பித்தளையையும் சேர்த்துக் கிளற வேண்டும்.

ஓசூர் ஃபிட்டர்:

கராஜ்வாசி சார், எங்கள் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது. அதனால் உங்கள் பிரஸ்ஸை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அசெம்பிளி லைனில் ஸ்குரூ, வாஷர் ஊட்டும் ஃபீடர்களோடுதான் என் பிழைப்பு. நீங்கள் சொல்லும் அறிகுறி எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

டெக்சஸ் நண்பர் சொன்னது சரி, கலப்படம் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஆனால் ஆப்பு விழுந்த தட்டு விரல் தள்ளலில் கிளம்பாது. கிளம்பினாலும் அடுத்த சுற்றில் அதே இடத்தில் நிற்கும். உங்களுடையது கிளம்பிவிட்டால் ஓடுகிறது. அப்படியென்றால் ஓடும் பலம் இருக்கிறது, கிளம்பும் பலம் இல்லை.

மோட்டாரைத் திறந்து பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு. இரும்புத் தகடுகளை அடுக்கிய கோர், அதன் இரண்டு ஓரங்களில் தடித்த செம்பு வளையம் தெரிந்தால் அது ஷேடட் போல் மோட்டார். விலை மலிவு, எளிதில் கெடாது, ஆனால் ஸ்டார்ட்டிங் டார்க் (கிளம்பும்போது சுற்றும் பலம்) மிகக் குறைவு. டேபிள் ஃபேனுக்கு அது போதும், ஏனென்றால் காற்று ஆரம்பத்தில் எதிர்ப்பதில்லை. உங்கள் தட்டோ பித்தளை மூடிய நிலையிலேயே கிளம்ப வேண்டும். அதுவும் குழாய் நிரம்பி நிற்கும் ஒவ்வொரு தடவையும். தொடர்ந்து ஓடும் இயந்திரத்தில் இந்தப் பலவீனம் வெளியே தெரியாது. உங்களுடையது நின்று நின்று கிளம்புவது.

சுவிட்சைப் பற்றிக் கவலை வேண்டாம். உறுமல் கேட்கிறது என்றால் கரண்ட் போகிறது. சுவிட்ச் செத்திருந்தால் சத்தமே இருக்காது.

கிளட்ச் நழுவுகிறதா, மோட்டாரே நிற்கிறதா என்பதைப் பிரித்தாக வேண்டும். உறுமும்போது தட்டின் அடியில் கியர்பாக்ஸ் தண்டைப் பாருங்கள். தண்டு சுற்றித் தட்டு நின்றால் கிளட்ச். தண்டும் சேர்ந்து நின்றால் மோட்டார் பக்கம். ரொம்ப நேரம் உறுமவிடாதீர்கள், சுருள் சூடேறும். பிறகு தட்டைக் கழற்றிவிட்டு வெறும் தண்டை ஓடவிடுங்கள். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ரோட்டரை (மோட்டாருக்குள் சுழலும் பாகம்) விரலால் சுற்றுங்கள். இதமாகச் சுற்றினால் நல்லது. பிசுபிசுவென்று இழுத்தால் பேரிங்கில் பழைய எண்ணெய் இறுகியிருக்கிறது. இந்த வகை மோட்டாரில் பெரும்பாலும் பால் பேரிங் இருக்காது, எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்தான்.

இன்னொன்று, ஹீட்டர் போட்ட புதிதில் மோசம் என்றீர்களே. ஹீட்டரும் ஃபீடரும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரிலா? உங்கள் ஊர் 120 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். நீள வயர், மெல்லிய கம்பி என்றால் முனையில் வோல்ட்டேஜ் விழும். இந்த மோட்டாரில் டார்க் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் டார்க் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஏற்கெனவே இழுபறியில் இருக்கும் மோட்டாருக்கு அது போதும், படுத்துவிடும்.

பித்தளைப் பைத்தியம் (டெக்சஸ்):

ஓசூர் அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊர் கராஜில் கிரீஸ் உருகும், உறையாது.

கராஜ்வாசி, அந்த ஹீட்டர் எந்த மாதிரி? கம்பி சிவந்து எரியும் வகை என்றால் வெடிமருந்தும் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) இருக்கும் அறையில் அதற்கு இடமே கிடையாது. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் என்றாலும் எக்ஸ்டென்ஷன் வயரில் செருகக்கூடாது, நேராகச் சுவர் பாயிண்ட்டில்தான். மோட்டாரைத் திறக்கும் முன் பிரஸ்ஸிலிருந்து ப்ரைமரையும் மருந்தையும் எடுத்து வேறு அறையில் வைத்துவிடுங்கள். எண்ணெய் பட்ட கையோடு ப்ரைமரைத் தொட்டால் அது வெடிக்காமல் போகலாம். வாளிக்குள் படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூசியில் ஈயம் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள், கையுறை போடுங்கள்.

கராஜ்வாசி (மிச்சிகன்):

இரண்டு பேருக்கும் நன்றி. வார இறுதி முழுக்க இதுதான் வேலை, வீட்டில் பேச்சும் வாங்கியாயிற்று.

வாளியைக் கவிழ்த்ததில் .380 கொஞ்சம், 9 எம்எம்மை விழுங்கிய .40 சில கிடைத்தன. எடுத்துப்போட்டேன். தொல்லை அப்படியே இருந்தது. உறுமும்போது தண்டும் நிற்கிறது, ஆகவே கிளட்ச் இல்லை. நட்டைத் தொடவில்லை. மோட்டாரில் செம்பு வளையம் இருக்கிறது, ஓசூர்க்காரர் சொன்ன அதே ஜாதி. தட்டில்லாமல் வெறும் தண்டு உடனே கிளம்பியது. காலித் தட்டோடு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிளம்பியது. வாளி நிறைந்திருந்தால் கிளம்பவே இல்லை.

மல்டிமீட்டரில் பார்த்தேன். ஹீட்டர் அணைந்திருக்கும்போது வயர் முனையில் 121 வோல்ட். போட்டால் 112. ஹீட்டர் போட்ட புதிதில் ஏன் மோசம் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மோட்டார் இன்னும் குளிரில், வோல்ட்டேஜும் கீழே. அறை சூடானால் கிரீஸ் இளகும், ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டும் அவ்வப்போது அணையும், பிறகு ஓடும். என்னுடையது ரேடியேட்டர் வகைதான். இப்போது எதிர்ச் சுவரில் தனி சர்க்யூட்டில் நேராகச் செருகியிருக்கிறேன். அந்த நீள வயரை இனி தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கியர்பாக்ஸில் இருந்த கிரீஸ் பழுப்பேறி, கரண்டியால் சுரண்டி எடுக்கும் பதத்தில் இருந்தது. கியரில் ஒன்று நைலான். அதனால் பிளாஸ்டிக்குக்கு ஆகும், குளிர் தாங்கும் சிந்தெடிக் கிரீஸ் வாங்கி மெல்லிசாகத் தடவினேன். ரோட்டர் புஷ் இரண்டிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு. முன்பு விரலால் சுற்றினால் உடனே நின்ற ரோட்டர் இப்போது தானாகவே சில சுற்று ஓடுகிறது.

நேற்று இரவு கராஜ் பூஜ்யத்துக்குக் கீழே. ஹீட்டர் போடாமலே பாதி வாளியோடு ஓடவிட்டேன். குழாய் நிரம்பி நின்று கிளம்பி, நின்று கிளம்பி, ஒரு தடவைகூட விரல் கேட்கவில்லை. முக்கால் வாளியில் மட்டும் ஒரு கணம் தயங்கியது. புது மோட்டார் வாங்கப்போவதில்லை.

ஒரு சின்னக் குறை மட்டும் மிச்சம். இப்போது வேகமாகச் சுற்றுவதாலோ என்னவோ, அவ்வப்போது ஒரு கூடு தலைகீழாக விழுகிறது. கூடுகள் குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்கின்றன.

பித்தளைப் பைத்தியம் (டெக்சஸ்):

ஒட்டுவது ஸ்டேட்டிக் (உராய்வில் சேரும் நிலை மின்சாரம்). குளிர்கால வறண்ட காற்று, பிளாஸ்டிக் குழாய். துணி உலர்த்தும் மெஷினில் போடும் டிரையர் ஷீட்டைக் குச்சியில் சுற்றிக் குழாய்க்குள் ஒரு தடவை இழுங்கள். லூப் (பிரஸ்ஸில் வழுக்குவதற்காகத் தெளிக்கும், ஆல்கஹால் கலந்த மசகு) அடித்த கூடுகள் என்றால் ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகுதான் வாளியில் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பிசுக்கும் சேர்ந்து ஒட்டும்.

தலைகீழாக விழுவது 9 எம்எம்முக்கு உள்ள வியாதி. கூடு குட்டை, அடிக்கும் வாய்க்கும் எடை வித்தியாசம் குறைவு, எந்தப் பக்கம் சாய்வது என்று அதற்கே தெரிவதில்லை. நீள ரைஃபிள் கூடுகளில் இது அபூர்வம். பிரஸ் மேசை ஆடினால் இன்னும் கூடும், முதலில் அதைச் சுவரோடு இறுக்குங்கள்.

ஓசூர் ஃபிட்டர்:

வேகத்தைக் குறைக்கலாம் என்று ஃபேன் ரெகுலேட்டரை மட்டும் மாட்டிவிடாதீர்கள் சார். வோல்ட்டேஜ் இறங்கும், கிளம்பும் பலம் மறுபடி போகும். மேசையை இறுக்கிவிட்டு, கூடு விழும் இடத்தைப் போனில் ஸ்லோ மோஷனில் படம் பிடித்துப் போடுங்கள், பார்க்கிறேன்.