வேகத்துக்காகச் சேர்த்த அமைப்பு வரியே வேகத்தைக் கெடுத்த அனுபவங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில், இணையத்தில் தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி விதிமுறைக்கான அமைப்புகளை மாற்றி வேகத்தைக் கூட்டப்போய், அந்த மாற்றமே தொல்லையாக முடிந்த அனுபவம் இங்குள்ள பலருக்கும் இருக்கும். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

2015ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. பயணச்சீட்டு முன்பதிவுத் தளம் ஒன்றின் சர்வர்களை நான் கவனித்துவந்தேன். பயனர்களின் கோரிக்கைகளை முன்னால் நின்று வாங்கிக் கைமாற்றும் ப்ராக்ஸி, கூட்டம் ஏறியதும், பின்னாலிருக்கும் சர்வருக்குப் புதிய இணைப்பைத் தொடுக்க முடியவில்லை என்ற பிழையைக் கொட்டத் தொடங்கியது. கணக்குப் போட்டாலே காரணம் விளங்கியிருக்கும். வெளியே தொடுக்கும் இணைப்புகளுக்கென லினக்ஸ் இயல்பாக வைத்திருப்பவை ஏறத்தாழ 28,000 போர்ட்டுகள் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்கள்); இணைப்பை முதலில் மூடுகிற பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டும் 60 வினாடி, தாமதித்து வரும் தரவுத் துண்டுகளுக்காகக் காத்திருக்கும் டைம்-வெயிட் நிலையில் கிடக்கும். ஆகவே ஒரே சர்வரின் ஒரே போர்ட்டுக்கு வினாடிக்கு சுமார் 470 இணைப்புகளைத் தாண்டினால் போர்ட்டுகள் தீர்ந்துவிடும். நான் கணக்குப் போடவில்லை. எங்கோ படித்த இரண்டு வரிகளை, டைம்-வெயிட்டில் கிடப்பவற்றைச் சீக்கிரம் விடுவிக்கும் டிடபிள்யூ ரீயூஸ், டிடபிள்யூ ரீசைக்கிள் ஆகிய இரண்டையும் இயக்குபவை, அப்படியே ஒட்டினேன். சில நிமிடங்களில் பிழைகள் நின்றுபோயின. நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் வந்த புகார்கள் விசித்திரமாக இருந்தன. ஒரே வீட்டில் கணவரின் கைபேசியில் தளம் திறக்கிறது, மனைவியின் கைபேசியில் திறக்கவில்லை. சிறிது நேரம் கழித்து அது தலைகீழாகிறது. இரண்டு நாள் இணைய சேவை நிறுவனங்களின் மேல் பழியைப் போட்டுவிட்டு, மூன்றாம் நாள்தான், வந்துபோகும் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்தேன். இணைப்பைக் கேட்கும் சின் பாக்கெட் எங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்திருந்தது. பதில் இல்லை. ஒரு வினாடி கழித்து அதே பாக்கெட், பிறகு இரண்டு வினாடி கழித்து, பிறகு நான்கு. மறுப்புகூட அனுப்பாமல் எங்கள் கெர்னல் மௌனமாக அவற்றைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது. இணைப்புகளின் கணக்கைக் காட்டும் நெட்ஸ்டாட் புள்ளிவிவரத்தில் "டைம்ஸ்டாம்ப் காரணமாக நிராகரிக்கப்பட்டவை" என்ற எண், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது.

ரீசைக்கிள் இயங்கும்போது, ஒவ்வொரு ஐபி முகவரியிலிருந்தும் கடைசியாக வந்த டிசிபி டைம்ஸ்டாம்ப்பை, அதாவது அனுப்பும் கருவி பாக்கெட்டில் இடும் நேர எண்ணை, கெர்னல் நினைவில் வைத்துக்கொள்ளும். அதைவிடப் பழைய எண்ணுடன் அதே முகவரியிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் புதிய இணைப்பு கேட்டு வந்தால், அதைப் பழைய இணைப்பின் மிச்சம் என்று கருதித் தள்ளிவிடும். ஒரு முகவரிக்குப் பின்னால் ஒரே கணினிதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட நிரல் அது. நம் ஊர்க் கைபேசி வலைப்பின்னல்களிலோ எத்தனையோ பேர் ஒரே பொது முகவரியின் வழியாக வருகிறார்கள். ஒவ்வொரு கைபேசியின் டைம்ஸ்டாம்ப்பும் ஒவ்வோர் எண்ணில் ஓடுகிறது. இப்படிப் பல கருவிகள் ஒரே முகவரியைப் பகிரும் முகவரி மாற்றம் (நாட்) நடக்கும் இடங்களில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகு. ரீசைக்கிள் வரியை நீக்கிவிட்டு, ப்ராக்ஸிக்கும் பின் சர்வருக்கும் இடையிலான இணைப்புகளை மூடாமல் மறுபடி பயன்படுத்தும்படி அமைத்தேன். போர்ட் பற்றாக்குறை அதிலேயே தீர்ந்தது. 2017இல் வந்த 4.12 பதிப்பில் ரீசைக்கிள் வசதியையே கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மறுமொழி

எனக்கு நேர்ந்ததும் இதே வகைதான், ஆனால் தொல்லை தந்த வரியை எழுதியது நான் அல்ல. சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்கு இரவுதோறும் காப்புப் பிரதி அனுப்புவோம். பாக்கெட் போய்வர 220 மில்லிவினாடி, இணைப்பு 1 கிகாபிட். ஆனால் வேகம் 7 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. அந்த இணைப்பை நிரப்ப வேண்டுமானால் பதில் வராத நிலையில் 27 மெகாபைட்டுக்கு மேல் வழியில் இருக்க வேண்டும் என்பதால், டிசிபி பெறு பஃபரின் (வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடம்) உச்சவரம்பை 64 மெகாபைட்டாக உயர்த்தினேன். எண் அசையவில்லை. இரண்டு முறை சர்வரை மறுதொடக்கம்கூடச் செய்தேன், அதனால் பயன் இருக்காது என்று தெரிந்தும்.

ஒரு நிரல் கெர்னலிடம் கேட்பவற்றைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தபோது, காப்புப் பிரதி மென்பொருள் இணைப்பைத் திறப்பதற்கு முன் தானே பெறு பஃபரின் அளவைக் கேட்டு வாங்குவது தெரிந்தது. பயன்பாடு அப்படி ஓர் அளவைக் கேட்டுவிட்டால், தேவைக்கேற்பப் பஃபரை வளர்க்கும் வேலையை அந்த இணைப்புக்குக் கெர்னல் நிறுத்திவிடுகிறது. அதுமட்டுமல்ல, கேட்ட அளவை நான் மாற்றிய எண் கட்டுப்படுத்துவதில்லை. ஆர்மெம் மேக்ஸ் என்ற வேறோர் எண் கட்டுப்படுத்துகிறது, எங்கள் சர்வரில் அதன் இயல்பான மதிப்பு 2,12,992 பைட்டாக இருந்தது. அந்த அளவை எட்டால் பெருக்கிப் பிட்டாக்கி 220 மில்லிவினாடியால் வகுத்துப் பாருங்கள், எங்கள் 7 மெகாபிட்டை ஒட்டி, வினாடிக்கு சுமார் 7.7 மெகாபிட் வந்து நிற்கும். மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அந்த அளவை நீக்கியதும், வேறு எதையும் தொடாமலே வேகம் பல மடங்கு ஏறியது. அந்தக் கோப்பில் அந்த வரிக்கு மேலே "வேகமாக இயங்க" என்று யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்.

மறுமொழி

பஃபரைக் குறைத்துக் கெட்டதை மேலே சொல்லியிருக்கிறார்கள். நான் கூட்டிக் கெட்டவன். வெளியே போகும் வேகத்தை 20 மெகாபிட்டாகக் கட்டுப்படுத்திய எங்கள் அலுவலகக் கேட்வேயில் (இணையத்துக்கு வாசலாக நிற்கும் கணினி), பாக்கெட் இழப்பைத் தவிர்க்கிறேன் என்று அனுப்பும் வரிசையின் நீளத்தை 1,000 பாக்கெட்டிலிருந்து 10,000 ஆக்கினேன். இழப்பு நின்றது உண்மை. ஆனால் 1,500 பைட் வீதம் 10,000 பாக்கெட் என்றால் 15 மெகாபைட். அதை 20 மெகாபிட் வழியில் வெளியேற்ற ஆறு வினாடி ஆகும். ஒருவர் பெரிய கோப்பை ஏற்றத் தொடங்கியதும் மற்றவர்களின் இணையப் பேச்சு ஆறு வினாடி பின்தங்கியது. டிசிபியின் அனுப்பும் வேகத்தை முடிவுசெய்யும் கியூபிக் முறை இழப்பைக் கண்டுதான் வேகத்தைக் குறைக்கும் என்பதால், வரிசை முழுதும் நிரம்பும்வரை அனுப்புபவருக்கு எச்சரிக்கையே கிடைக்கவில்லை. 2012இல் கெர்னலின் 3.5 பதிப்புடன் வந்த எஃப்க்யூ-கோடெல் வரிசைமுறைக்கு மாற்றினேன். காத்திருப்பு 5 மில்லிவினாடியைத் தாண்டி நீடித்தால் அது தானே பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். பாக்கெட் இழப்பு மறுபடி தலைகாட்டியது. பேச்சு தெளிவாகக் கேட்டது. இழப்பு வரைபடத்தை மேலாளருக்கு விளக்கத்தான் ஒரு மணி நேரம் பிடித்தது.