ஒரு நாற்காலி கேட்டேன், பதினொன்றுக்கு ஒப்பந்தமானது

அலுவலகத்துக்கு ஒரு நாற்காலி வேண்டி வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் ஆர்டர் கொடுத்தபோது, எண்ணிக்கைக் கட்டத்தில் ஏற்கெனவே இருந்த 1-ஐ அழிக்காமல் அதன் பக்கத்திலேயே இன்னொரு 1-ஐத் தட்டிவிட்டேன். சரிபார்க்கும் பக்கம் எதுவும் வரவில்லை. 11 நாற்காலிகளுக்கான ஒப்புதல் மின்னஞ்சல்தான் வந்தது. உடனே தவறைத் தெரிவித்தேன். விதிமுறைகளை ஏற்பதாக நான் டிக் செய்துவிட்டதால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

கையெழுத்தே இல்லாதது எப்படி ஒப்பந்தமாகும் என்று கோபத்தில் வாதிட்டது என் பிழை. மின்னணு வடிவில் உருவானது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தத்தின் செல்லுபடியை மறுக்கக் கூடாது என்று ஐ.நா. சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணையத்தின் 1996-ஆம் ஆண்டு மாதிரிச் சட்டமே சொல்கிறது. பல நாடுகள் அதைத் தழுவியே சட்டம் இயற்றியிருக்கின்றன.

எனக்குக் கைகொடுத்தது, மின்னணுத் தகவல்தொடர்பு குறித்த 2005-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு. எதிர்த்தரப்பின் தானியங்கி அமைப்பில் ஒருவர் உள்ளீட்டுப் பிழை செய்து, அதைத் திருத்த அந்த அமைப்பு வழியே தராதிருந்தால், அவர் கூடிய விரைவில் தெரிவித்து, பொருளால் பயனும் அடையாதவராக இருக்கும்பட்சத்தில், பிழையான பகுதியை மட்டும் திரும்பப் பெறலாம். (சொந்த, குடும்ப உபயோகத்துக்கு வாங்குபவற்றுக்கு இது பொருந்தாது. வழக்காடியிருந்தால் எங்கள் இருவரையும் அது கட்டுப்படுத்தியிருக்குமா என்பதும் தனிக் கேள்வி.) ஆர்டர் செய்யும் படிகளை மறுபடி கடைசிவரை சென்று, திருத்த இடமே இல்லாத ஒவ்வொரு திரையையும் படம்பிடித்து, என் முதல் மின்னஞ்சலின் நேரத்தோடு சேர்த்து அனுப்பினேன். மறுநாளே பத்து நாற்காலிகளை நீக்கிவிட்டார்கள்.

இதைத் தேடும்போது எதிர்த்திசை வழக்கு ஒன்றும் கண்ணில் பட்டது. 2003-இல் சிங்கப்பூரில் 3,854 டாலர் அச்சுப்பொறி ஒன்று தவறுதலாக 66 டாலருக்கு இணையத்தில் வந்துவிட, ஆறு பேர் 1,606 அச்சுப்பொறிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அது பிழை என்று தெரிந்தே வாங்கினார்கள் என்பதால் ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. நள்ளிரவில் அவர்கள் தமக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளும் சான்றாயின.

சென்ற வாரம் நண்பர் ஒருவர், "விலையைத் தப்பாகப் போட்டிருக்கிறார்கள், திருத்துவதற்குள் வாங்கிவிடு" என்று ஓர் இணைப்பை அனுப்பினார். நான் வாங்கவில்லை, அந்த ஒற்றை வரியே அவருக்கு எதிரான சான்று என்று பதில் எழுதினேன்.