மறு: ‘பூஸ்டர் அப்டேக்’ – ‘ஏற்பு’ வேண்டாம், ‘கொள்வீதம்’ என்று வைப்போம்

குழும நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

பருவந்தோறும் போடும் ஊக்கத் தடுப்பூசியை மக்களில் எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்ற அளவை ஆங்கிலத்தில் ‘அப்டேக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி. ஈப்போ ஆசிரியை அக்கா ‘ஏற்பு வீதம்’ என்றார். யாழ்ப்பாணத்து நண்பர் ‘பெறுகை’ என்றார். கோயம்புத்தூர் டாக்டர் ஐயா, ‘பயன்பாட்டு விகிதம்’ போதுமே, புதிதாக எதற்கு என்று கேட்டார். மூன்று சொற்களையும் எங்கள் ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது செம்பனை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போய்விட்டன. அங்கே இருந்தவர்கள் பலர் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். நான் தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஊசி போட்ட கைக்கு அந்த ஊசியின் கணக்கும் சரியாக இருக்கவேண்டும் என்ற ஆசை விடவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லை இவ்வளவு தூரம் இழுக்கிறேன்.

‘ஏற்பு’ பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, சொல் அழகான சொல்தான். ஆனால் அது ஒரு கணக்கைக் கெடுத்ததை நான் நேரில் பார்த்தேன். கொரோனாவுக்கு இரண்டாவது பூஸ்டர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு தொண்டு அமைப்பு தமிழில் படிவம் அடித்துக்கொண்டு எங்கள் தாமானுக்கு வந்தது. வீடு காட்டுவதற்காக நானும் கூடப் போனேன். ‘ஊக்கத் தடுப்பூசியை ஏற்கிறீர்களா?’ என்பது கேள்வி. ரப்பர் மரத்தில் பால் வெட்டியே வயதான ஒரு பாட்டி, “ஏத்துக்கிறேன் தம்பி, நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாங்க” என்றார். கூட வந்த பையன் ‘ஆம்’ கட்டத்தில் கோடு போட்டுவிட்டான். எனக்குச் சந்தேகம். “எப்ப பாட்டி போட்டுக்கிட்டீங்க?” என்று கேட்டேன். “இன்னும் இல்லப்பா. கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போக ஆளில்ல” என்றார்.

அந்தப் பாட்டியின் ‘ஆம்’, போட்டுக்கொண்டவர்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது. திருத்தச் சொல்லி நான் கேட்டதற்கு, படிவத்தில் உள்ளபடிதான் கேட்கமுடியும் என்று பதில் வந்தது. பாட்டிக்கு மனம் இருந்தது, ஊசி இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த தூரம் ஒரு காரும் அதை ஓட்ட ஒரு ஆளும்தான். கணக்கு சரியாக இருந்திருந்தால் அந்தத் தூரம் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். ‘ஏற்பு’ என்ற சொல் அதை மூடிவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2021 பிப்ரவரி 24-இல் மலேசியாவில் கொரோனா ஊசித் திட்டம் தொடங்கியது. அந்த ஆகஸ்டில், இரண்டு ஊசியும் முடித்தவர்கள்தான் கடையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வந்தது. மைசெஜாத்தெரா என்ற அரசாங்கக் கைப்பேசிச் செயலியில் சான்றிதழ் காட்டவேண்டும். எங்கள் ஊரில் பயந்துகொண்டே, மனமில்லாமல் போட்டுக்கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஏற்பு இல்லை, ஊசி இருக்கிறது. அந்தக் கட்டாயமெல்லாம் போன பிறகு வந்த இரண்டாவது பூஸ்டருக்கு நாடு முழுதுமே வந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே மனத்தைச் சொல்லும் சொல் வேறு, கையில் ஏறிய ஊசியைச் சொல்லும் சொல் வேறாக இருக்கட்டும். மனத்துக்கு ‘இசைவு’ என்று வைக்கலாம்.

‘பெறுகை’ பரவாயில்லை. ஆனால் எங்கள் பக்கம் பெறுவது என்றால் சம்பளம், பரிசு, உதவித்தொகை. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற வாடை அதில் வருகிறது. ‘பயன்பாட்டு விகிதம்’ ஊசியைப் பற்றிப் பேசுகிறது, ஆளைப் பற்றிப் பேசவில்லை. கிளினிக்குக்கு வந்த குப்பிகளில் எத்தனை தீர்ந்தன என்பதும் பயன்பாடுதான். ஒரே ஆள் இரண்டு தடவை போட்டாலும் அதில் இரண்டாக ஏறும்.

சரி, மக்கள் வாயில் என்ன இருக்கிறது? அந்தப் பாட்டியிடம் யோசிக்காமல் நான் கேட்ட கேள்வியிலேயே இருக்கிறது: “போட்டுக்கிட்டீங்களா?” இந்த ‘க்கிட்டு’ எழுத்துத் தமிழின் ‘கொண்டு’தான். நர்ஸ் ஊசி போட்டார், பாட்டி ஊசி போட்டுக்கொண்டார். நூறு ஊசி போடப்பட்டது என்பது நர்ஸின் கணக்கு. எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்பது மக்கள் கணக்கு. இந்த வேறுபாட்டைச் சொல்லப் புதிதாக எதையும் செதுக்கவேண்டியதில்லை. தன் பொருட்டுச் செய்துகொள்வதைக் காட்ட ‘கொள்’ என்ற துணைவினை காலங்காலமாக நம்மிடம் இருக்கிறது.

அதனால் என் முன்மொழிவு: கொள்வீதம். கொள்கலன், கொள்முதல், கொள்ளளவு என்று ஏற்கனவே புழங்கும் சொற்களின் வரிசையில் இது ஒட்டாமல் நிற்காது. ஊக்க ஊசியின் கொள்வீதம், சளிக்காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசியின் கொள்வீதம் என்று எழுதலாம். போட்டுக்கொண்ட ஆட்களின் எண்ணிக்கையைக் ‘கொண்டோர்’ என்று சொல்லிவிடலாம்.

இதில் இன்னொரு வசதி, ‘ஊசி’ இல்லாமலும் சொல் நிற்கும். இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்புமருந்தை மூக்கில்தான் தெளிக்கிறார்கள். போலியோ சொட்டு வாயில் விடுவது. குத்து, போடு என்ற சொற்கள் அங்கே இடறும், ‘கொள்’ இடறாது. அப்புறம், எழுதும்போது தோன்றிய ஒன்று: ‘கொள்ளைநோய்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். நோய் உயிரைக் கொள்கிறது. அதைத் தடுக்க மனிதர் மருந்தைக் கொள்கிறார். எனக்கு இது மனத்தில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

டாக்டர் ஐயா இன்னொன்றும் கேட்டிருந்தார். செடி உரத்தை எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் ‘அப்டேக்’தானே, இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் வேண்டாமா என்று. வேண்டாம் ஐயா. செம்பனைக்கு உரம் போட்டவர்களைக் கேட்டால், மரம் உரத்தை இழுக்கிறது, உறிஞ்சுகிறது என்பார்கள். மரம் யோசித்து இழுப்பதில்லை. பாட்டி யோசிக்கிறார், கேட்கிறார், பயப்படுகிறார், பிறகு கிளம்புகிறார். அல்லது கிளம்ப முடியாமல் இருந்துவிடுகிறார்.

இனி ‘வீதம்’. இங்கேதான் நம் ஊர் மாதிரி இடங்களில் கணக்கு வழுக்குகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பின்னத்தின் மேல் எண்ணான தொகுதியில் கொண்டோர், கீழ் எண்ணான பகுதியில் தகுதியுடையோர். தொகுதியை எண்ணிவிடலாம். பகுதிக்கு யாரை எடுப்பது?

தோட்டம் தோட்டமாக இருந்தபோது எனக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. செக்ரோலில் (தோட்டத்து ஆள் பதிவேட்டில்) பெயர் இருக்கும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் கங்காணி பெயர் கூப்பிடுவார். யார் வந்தார், யார் வரவில்லை, எந்த லயத்தில் எந்தக் கதவு என்று தெரியும். காசநோய்க்கான பி.சி.ஜி. என்றால் இன்னும் எளிது. 1961-இல் தொடங்கிய அந்த ஊசி தோளில் தழும்பை விட்டுப்போகும், சட்டைக் கையைத் தூக்கினால் போதும். இப்போதைய ஊசிகளுக்குத் தழும்பும் இல்லை, செக்ரோலும் இல்லை.

ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். எங்கள் தாமானில் அடையாள அட்டை முகவரிப்படி அறுபது வயது தாண்டியவர்கள் நூறு பேர் என்று வையுங்கள். அதில் முப்பது பேர் கிள்ளானிலோ ஜொகூரிலோ பிள்ளைகளோடு இருக்கிறார்கள், முகவரியை மாற்றவில்லை. மீதி எழுபது பேரில் முப்பத்தைந்து பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். கொள்வீதம் 35 விழுக்காடா, 50 விழுக்காடா? கிள்ளானில் இருப்பவர்களில் பத்துப் பேர் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தால் அவர்கள் எந்த ஊர்க் கணக்கு? பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வந்து போட்டுக்கொண்ட வங்காளதேசத் தொழிலாளி எந்தப் பட்டியலில் இருக்கிறார்? கொரோனா நேரத்தில் கோலாலம்பூரையும் சிலாங்கூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கு என்று சேர்த்துக் காட்டினார்கள், நினைவிருக்கும். ஒரு பக்கம் குடியிருந்து மறுபக்கம் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அவ்வளவு பேர். அங்கே சேர்த்துக் காட்டினால் சரியாகிவிடும். எங்களை எந்த ஊரோடு சேர்ப்பது?

ஆகவே கொள்வீதம் என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் மூன்று விவரம் வேண்டும் என்று வரையறையிலேயே சேர்த்துவிடுவோம்: யாரில், எங்கே, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. இங்கிலாந்தைப் பாருங்கள். 2022 இலையுதிர் காலத்தில் 50 வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா பூஸ்டர் தந்தார்கள். 2023-இல் அது 65 ஆனது, 2025-இல் 75. இந்த மூன்று வருஷத்து வீதங்களை ஒரே கோட்டில் வரைந்து ஏறியது, இறங்கியது என்று பேசினால் தப்பு. பகுதியில் நிற்கும் ஆட்களே மாறிவிட்டார்கள்.

போய்ச் சேரவேண்டியவர்களில் எத்தனை பேருக்கு ஊசி போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லும் ‘கவரேஜ்’ என்பதற்கும் சொல் கேட்டிருந்தார்கள். அதை ‘அடைவு’ என்று வைக்கலாம். தமிழ்ப்பள்ளிகளில் ‘அடைவுநிலை’ என்று நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். 2003-இல் உலக சுகாதாரப் பேரவை, மூத்தோரில் 75 விழுக்காட்டினருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி 2010-க்குள் போய்ச் சேரவேண்டும் என்று இலக்கு வைத்தது. அது அடைவு இலக்கு. பருவம் தொடங்கி வாரவாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போவது கொள்வீதம். ‘காப்பு வீதம்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், அது வேண்டாம். ஊசி போட்டவர் எல்லோரும் முழுதாகக் காக்கப்பட்டார் என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

‘பருவகால’, ‘ஊக்க’ இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. நமக்குக் குளிர்காலம் கிடையாது. இங்கே பருவம் என்றால் மழை, இல்லையென்றால் ரப்பர் இலை உதிர்க்கும் மாதங்கள். சளிக்காய்ச்சல் கிருமியோ வருஷம் முழுக்க இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பூமியின் வட பாதிக்கு பிப்ரவரியிலும் தென் பாதிக்கு செப்டம்பரிலும் தடுப்பூசியில் எந்தக் கிருமி வகைகள் இருக்கவேண்டும் என்று சொல்கிறது. நாம் நடுவில் இருக்கிறோம். இருந்தாலும் ‘பருவகால’ என்பதை மாற்றவேண்டாம், தேதியை எழுதிவிட்டால் போதும். பூஸ்டருக்கு இலங்கையில் ‘செயலூட்டி’ என்கிறார்கள், இந்தியாவில் 2022 ஜனவரி 10 முதல் ‘முன்னெச்சரிக்கைத் தவணை’ என்று போட்டார்கள், எங்களுக்கு ‘ஊக்கத் தடுப்பூசி’ பழகிவிட்டது. எந்த நாட்டில் எது பழக்கமோ அது இருக்கட்டும்.

அன்புடன்,
தோட்டத்து டிரெஸ்ஸர்

இரண்டு நாள் கழித்துச் சேர்ப்பது:

தைப்பிங் தமிழாசிரியர் ஐயா நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். கொள்வீதம் வினைத்தொகை. ஊறுகாய் என்றால் ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று முக்காலமும் வருவதுபோல, இங்கேயும் கொண்ட, கொள்கின்ற, கொள்ளும் என்று மூன்றும் வருமே. இனிமேல் போட்டுக்கொள்ளப் போகிறவர்களும் அதில் அடங்கிவிட மாட்டார்களா? ‘ஏற்பில்’ இருந்த அதே ஓட்டை இதிலும் இருக்கிறதே என்கிறார்.

இதை நான் யோசிக்கவில்லை ஐயா. இரண்டு நாளாக அதே நினைவுதான். இப்படிச் செய்யலாம் என்று தோன்றுகிறது. கொள்வீதம் என்பது அளவுகோலின் பெயர், பருவம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் அதற்கு ஒரே பெயர் வேண்டும், அதனால் காலம் காட்டாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அட்டவணையில் எண் எழுதும் இடத்தில் ‘கொண்டோர்’ மட்டுமே இருக்கவேண்டும். அது இறந்தகாலம், போட்டுக்கொண்டு முடித்தவர் மட்டும்தான் அதில் ஏறமுடியும். போடப் போகிறேன் என்பவருக்கு ‘இசைவு’ என்று தனிக் கட்டம். ஈப்போ அக்காவும் இதற்குச் சரி என்று தனிமடல் போட்டிருக்கிறார்.

கோயில் மண்டபத்தில் அடுத்த மாதம் எடுக்கப்போகும் கணக்கெடுப்புக்கு நான் எழுதியிருக்கும் கேள்விகள் கீழே. ‘கொள்வீதம்’ அறிக்கையின் தலைப்பில் மட்டும் வரும், ஆட்களிடம் நேரில் கேட்கும் கேள்வியில் வராது. யாருக்காவது திருத்தம் தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கவேண்டும்.

இந்த வருஷம் ஜனவரியிலிருந்து சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கிட்டீங்களா?
எந்த மாதம்? எந்த ஊரில்?
இன்னும் இல்லையென்றால், போட்டுக்க விருப்பம் இருக்கா?
கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டுமா?