லீவுக்கு என்ன கேம் வாங்கலாம்?

தம்பி: அக்கா, லீவுக்கு எல்லோரும் வருகிறோம். சேர்ந்து ஆட ஒரு கேம் சொல்லு.

நான்: ஓவர்குக்ட். ஒரே டிவி, நான்கு பேர் வரை ஆடலாம்.

மாமா: சண்டை கேமா அம்மா?

நான்: இல்லை மாமா, சமையல். ஒருவர் காய் வெட்டுவார், ஒருவர் அடுப்பைப் பார்ப்பார், ஒருவர் தட்டு கழுவுவார். ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். சூப்பை அடுப்பில் மறந்துவிட்டால் தீப்பிடிக்கும். ஒரு லெவலில் ஓடுகிற லாரிகள்மேல் சமையலறை. லாரிகள் விலகிவிட்டால் தட்டு அந்தப் பக்கம், வெட்டின காய் இந்தப் பக்கம்.

அண்ணன்: ஆன்லைனிலேயே ஆடலாமே. எனக்கு லீவு கிடைக்காது.

நான்: அடுத்து வந்த ஓவர்குக்ட் 2இல் ஆடலாம் அண்ணா, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது வேறு. தீப்பிடித்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம், யார் மறந்தார்கள் என்று முகத்திலேயே தெரியும்.
நான்: 2016இல் வந்த முதல் ஓவர்குக்டில் ஆன்லைனே கிடையாது. செய்தது இரண்டு பேர் நடத்திய ஸ்டுடியோ. ஆன்லைன் என்றால் நெட் தாமதத்தைச் சமாளிக்கவே தனியாக உழைக்க வேண்டும். எந்நேரமும் ஆட ஆள் இல்லாவிட்டால் கேமே செத்துப்போகும். வீட்டில் இருப்பவர்களை நம்பிச் செய்த கேமுக்கு அந்தக் கவலை இல்லை. இப்படிச் சின்னக் குழுக்கள் சொந்தமாகச் செய்கிற இன்டி கேம்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சித்தி: அந்த கேம் ரிமோட்டில் இருக்கிற பட்டன்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான்: சித்தி, நடக்க ஒரு குச்சி, எடுக்க வைக்க ஒரு பட்டன், வெட்ட ஒரு பட்டன். அவ்வளவு தெரிந்தால் போதும். யார் எதைச் செய்வது என்று பேசி முடிவு செய்வதுதான் கஷ்டம். அதில் நீங்கள் எங்களுக்கெல்லாம் மேல்.

தம்பி: கப்ஹெட் வேண்டாமா?

நான்: நீயும் நானும் ஆடலாம். செத்தவனின் ஆவி மேலே போகும்போது மற்றவன் எட்டிக் குதித்துத் தட்டினால் உயிர் வரும். அந்த நொடி எனக்கு உயிர். ஆனால் ரொம்பக் கடினம், சித்திக்கும் மாமாவுக்கும் வேண்டாம்.

தம்பி: அப்படியென்றால் லவ்வர்ஸ் இன் எ டேஞ்சரஸ் ஸ்பேஸ்டைம்! விண்கலத்தை ஓட்டுகிறவன் அதே நேரத்தில் சுட முடியாது. துப்பாக்கிக்கு ஓடணும், கேடயத்தைத் திருப்ப இன்னொரு இடத்துக்கு ஓடணும். அந்தக் கேடயமும் ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும்.

நான்: ஆமாம், அதுவும் வேண்டும். “இடது பக்கம், இடது பக்கம்!” என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் கலம் பிழைக்கும்.

மாமா: தோற்காத கேம் ஏதாவது இருக்கிறதா?

நான்: ஸ்பிரிட்ஃபேரர் மாமா. இரண்டாவது ஆள் டாஃபடில் என்கிற பூனையாக வரலாம். அவசரமே இல்லை.

அண்ணன்: எல்லாம் சரி, நான் எப்படிச் சேர்வது?

நான்: கம்ப்யூட்டர் கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் ரிமோட் பிளே டுகெதர் என்று ஒரு வசதி இருக்கிறது, 2019இல் வந்தது. கேம் என்னிடம் இருந்தால் போதும். என் கம்ப்யூட்டர் படத்தை உங்களுக்கு அனுப்பும், நீங்கள் அழுத்துவது இங்கே வரும். நீங்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேம் நினைத்துக்கொள்ளும். வீடியோ காலும் போட்டு வைப்போம்.

அண்ணன்: அப்படியென்றால் சனிக்கிழமை ராத்திரி. அடுப்பு என் பொறுப்பு.

சித்தி: தட்டு நான் கழுவுகிறேன். ரிமோட் போதுமா?

நான்: குறைந்தால் ஓவர்குக்டில் ஒரே ரிமோட்டை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் பிடிக்கலாம். தம்பி, உன்னுடையதையும் எடுத்து வா, சார்ஜ் போட்டு.