லைஃப் சர்டிபிகேட் கொடுத்தும் அப்பாவின் ராணுவ பென்ஷன் நின்றுவிட்டது – ஸ்பர்ஷில் என்ன செய்வது?

ஹவில்தார் மகள்:
அப்பா தரைப்படையில் ஹவில்தார். 17 வருட சர்வீஸுக்குப் பிறகு 2010-இல் சொந்த விருப்பத்தில் வெளியே வந்தார். முன்பு வங்கி மூலம் வந்த பென்ஷன் இப்போது ஸ்பர்ஷில் (பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளம்) வருகிறது. நவம்பரில் ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட்) எடுத்தோம், பிரமாண் ஐடியும் மெசேஜில் வந்தது. ஆனாலும் இந்த மாதம் பணம் ஏறவில்லை. வங்கியில் கேட்டால் "எங்கள் கையில் எதுவும் இல்லை" என்கிறார்கள்.
இன்னொன்று, சொந்த விருப்பத்தில் வந்தவர்களுக்கு ஓ.ஆர்.ஓ.பி. (ஒரே ரேங்க், ஒரே சர்வீஸுக்கு ஒரே பென்ஷன்) கிடையாது என்று அப்பாவின் நண்பர் சொல்கிறார். உண்மையா?

சுபேதார் ஓய்வு:
அந்த பிரமாண் ஐடியை வைத்து சர்டிபிகேட்டை டவுன்லோடு செய்யுங்கள். பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

ஹவில்தார் மகள்:
பழைய வங்கியின் பெயர்தான் இருக்கிறது.

சுபேதார் ஓய்வு:
அதுதான் சிக்கல். சர்டிபிகேட் வங்கிக்குப் போயிருக்கிறது, பணம் அனுப்பும் ஸ்பர்ஷுக்குப் போகவில்லை. புதிதாக ஒன்று எடுங்கள். அதில் இப்படித் தேர்ந்தெடுங்கள் (பி.சி.டி.ஏ. என்பது ராணுவ பென்ஷனைக் கவனிக்கும் கணக்கு அலுவலகம்). அனுமதிக்கும் அமைப்பு: டிஃபென்ஸ் – பி.சி.டி.ஏ. (பி) அலகாபாத். வழங்கும் அமைப்பு: ஸ்பர்ஷ் – பி.சி.டி.ஏ. (பென்ஷன்ஸ்) அலகாபாத். ஊர் பிரயாக்ராஜ் ஆனாலும் பட்டியலில் பழைய பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) எண்ணை ஸ்பர்ஷில் உள்ளபடியே போடுங்கள், பழைய வங்கிப் புத்தகத்தைப் பார்த்துப் போடாதீர்கள். கைரேகை பதியாவிட்டால் செயலியில் முகத்தை வைத்தும் எடுக்கலாம். சர்டிபிகேட் ஏற்கப்பட்டதும் நின்ற மாதத்துப் பணமும் சேர்ந்தே வரும்.

கணக்குப்பிள்ளை:
ஓ.ஆர்.ஓ.பி. பற்றி நண்பர் சொன்னது பாதிதான் சரி. 2015 நவம்பர் 7 உத்தரவு, அதற்குப் பிறகு சொந்த விருப்பத்தில் வெளியே வருபவர்களுக்குத்தான் அந்தத் தடையைப் போட்டது. அப்பா 2010-இல் வந்தவர், அவருக்கு உண்டு. 2014 ஜூலை 1 முதல் நடப்பு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திருத்தம். கடைசித் திருத்தம் 2024 ஜூலை 1 முதல். 2023-இல் அதே ரேங்க், அதே சர்வீஸோடு ஓய்வு பெற்றவர்களின் குறைந்த பென்ஷனுக்கும் அதிக பென்ஷனுக்கும் சராசரி எடுத்துப் போடுகிறார்கள். இதற்குத் தனி விண்ணப்பம் எதுவும் வேண்டாம். ஆனால் ஸ்பர்ஷ் ப்ரொஃபைலில் ரேங்க், குரூப், சர்வீஸ் வருடம் மூன்றும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வங்கியிலிருந்து மாற்றும்போது இதில் பிழை விழுந்தால் கணக்கே தப்பாகிவிடும்.

கோபக்காரன்:
ஜவானுக்கு பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருடம் உழைக்கணும். எம்.பி.யாக எத்தனை நாள் இருந்தாலும் மாதம் 31,000 ரூபாய்! அவர்களைக் கேட்பார் யார்?

கணக்குப்பிள்ளை:
தொகை சரிதான். 2023 ஏப்ரல் முதல் 25,000 என்பது 31,000 ஆனது, ஐந்து வருடத்துக்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 2,500 கூடுதல். எனக்கும் எரிச்சல்தான். அதற்குத் தனி இழை போடுங்கள், வந்து சண்டை போடுகிறேன். இங்கே அவர் அப்பாவின் பணம் வரட்டும்.

ஹவில்தார் மகள்:
புது சர்டிபிகேட் எடுத்தாச்சு. ஸ்பர்ஷில் அடுத்த அடையாளத் தேதி (அடுத்த லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய தேதி) அடுத்த வருடத்துக்கு மாறியிருக்கிறது. ப்ரொஃபைலில் சர்வீஸ் 16 வருடம் என்று இருக்கிறது. இதை எங்கே திருத்துவது?

சுபேதார் ஓய்வு:
டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஸ்கேன் செய்து ஸ்பர்ஷிலேயே புகார் பதியுங்கள். அவருடைய ரெக்கார்டு ஆபீஸுக்கும் ஒரு கடிதம் போடுங்கள், சர்வீஸ் கணக்கை உறுதி செய்ய வேண்டியது அவர்கள்தான்.